அடக்கு, ஒடுக்கு, முறியடி, வெல்: எதை எங்கே எழுதுவது?

இந்த நான்கு வினைகளும் வலிமையால் மேலோங்குவதைக் குறிப்பவை என்பதால், செய்தி எழுதுவோர் பலர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டுவிடுகின்றனர். தோற்றது பின்னர் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் இவற்றின் வேறுபாடு துலங்கும்.

அடக்கு என்பது அடங்கு என்பதன் பிறவினை. பெட்டிக்குள் துணி அடங்குகிறது. அடங்கியது அழிவதில்லை, உள்ளேயே இருக்கிறது. 'கோபத்தை அடக்கினாள்' என்றால் கோபம் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. 'கோபத்தை வென்றாள்' என்றால் அது அவளை விட்டு நீங்கிவிட்டது. வாடிவாசலில் சீறிவரும் காளையின் திமிலைப் பற்றி நிற்பவரும் அதனை அடக்கியதாகவே சொல்லப்படுகிறார். ஏறு தழுவல் என்ற சங்ககாலப் பெயர் இதைவிடவும் கனிவானது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது அது மீண்டும் பலர் நாவில் வந்தது.

கீழே விழுந்த குடத்தில் ஏற்படும் பள்ளத்துக்கும் ஒடுக்கு என்றே பெயர். ஒடுக்கப்பட்டது உருக்குலைகிறது, சுருங்குகிறது. அடக்கமானவர் என்பது பாராட்டு. திருக்குறளின் 13ஆம் அதிகாரமே அடக்கமுடைமைதான். ஒடுங்கிப்போனவர் என்றாலோ மனம் இரங்குகிறது. ஆகையால், உரிமை கேட்டுத் திரண்ட மக்களைக் காவல்துறை 'அடக்கியது' என்று எழுதினால், அவர்கள் கட்டுமீறியவர்கள் என்ற தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. 'ஒடுக்கியது' என்று எழுதினால் குற்றம் கை ஓங்கியவர் பக்கம் சாய்கிறது. நடந்ததை மட்டும் சொல்ல விரும்பும் செய்தியாளருக்குக் 'கலைத்தது' என்பதே நேர்மையான சொல் என்பது என் உறுதியான கருத்து.

முறியடி என்பதற்கு, எதிரே வரும் ஒரு முயற்சி வேண்டும். 1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையைச் சூழ்ந்த பிரெஞ்சுப் படை, ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் 1759 பிப்ரவரியில் விலகிச் சென்றது. அந்த முற்றுகை முறியடிக்கப்பட்டது என்பது பொருத்தமான தொடர். 1746இல் அதே கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது அவர்கள் அதனைக் கைப்பற்றினர் என்றுதான் எழுத வேண்டும், ஏனெனில் கோட்டை முயற்சி அன்று, இடம்.

விளையாட்டுப் பக்கங்களில் வரும் 'சாதனையை முறியடித்தார்' என்ற தொடரையும் நான் ஏற்பதில்லை. பழைய சாதனை யாரையும் எதிர்த்து வரவில்லை; அது ஏட்டில் முறியாமல் அப்படியே இருக்கிறது. அங்கே 'விஞ்சினார்' என்று எழுதலாம்.