ஆப்பிரிக்கப் பறவைத் தபால்தலைகள்: நாட்டு வரிசையா, ஒற்றைப் பறவையா?

ஆப்பிரிக்கப் பறவைத் தபால்தலைகளைச் சேர்க்கத் தொடங்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரு நாடு வெளியிட்ட பறவை வரிசைகளை முழுமையாகத் தேடுவதா, ஒரே பறவையைப் பல நாட்டுத் தலைகளில் தொடர்வதா என்பதே.

நாட்டு வரிசையில் பறவையோடு வரலாறும் கைக்கு வருகிறது. காம்பியா 1963-இல் வெளியிட்ட பறவை வரிசையில் அரசி எலிசபெத்தின் உருவமும் இருந்தது. 1965 பிப்ரவரியில் அந்நாடு விடுதலை பெற்றபோது அதே தலைகளின் மீது விடுதலை அறிவிப்பு மேலச்சாக ஏறியது. 1966-இல் புதிய பறவை வரிசையே வந்தது. மலாவியின் 1968 வரிசை பழைய ஷில்லிங், பென்ஸ் கணக்கில் விலை சொல்ல, 1975 வரிசை 1971-இல் நடைமுறைக்கு வந்த குவாச்சா நாணயத்துக்கு மாறிவிட்டது. உகாண்டாவின் 1965 வரிசையும், போட்ஸ்வானாவின் 1967 வரிசையும் விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் உயர்மதிப்புத் தலைகளின் விலை அதிகம். அவை கிடைக்காமல் தொகுப்பேட்டின் பக்கம் நெடுநாள் நிறையாமலே நிற்கும்.

ஒற்றைப் பறவை வழியில் அந்தக் கவலை இல்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பூநாரையை (ஃபிளமிங்கோ) கண்ணாரக் கண்டவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் பொதுவாக 1966-இல் வந்த சுற்றுலா வரிசையில் கென்யாவிலுள்ள நகுரு ஏரியின் பூநாரைகள் இடம்பெற்றன. அந்த ஏரியில் பெருங்கூட்டமாகத் திரள்பவை கருஞ்சிவப்பு அலகுள்ள சிறு பூநாரைகள். நம் குளத்துக்கு வரும் பெரிய பூநாரைக்கோ இளஞ்சிவப்பு அலகின் நுனி மட்டுமே கறுப்பு. இந்த வேறுபாட்டை அறிந்தவர், ஓவியர் எந்த இனத்தை வரைந்தார், எவ்வளவு கவனமாக வரைந்தார் என்பதைத் தலையிலேயே படித்துவிடலாம். அந்தக் கண் வாய்த்த பிறகு நாட்டு வரிசைக்குப் போவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

எவ்வழியானாலும், கடிதத்தில் பயணித்து முத்திரை விழுந்த தலைகளையே முதலில் வாங்குவது நல்லது. குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் காற்றில் ஈரம் மிகும்போது, பயன்படுத்தாத தலைகளின் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீரில் ஊறவைத்துப் பசை நீக்கிய தலைகளுக்கு அந்த ஆபத்து இல்லை. மூலையில் மட்டும் ஒரே அளவாக முத்திரை இருந்து, பின்புறத்தில் பசை குலையாமல் இருந்தால், அது சேகரிப்பாளருக்கென்றே முத்திரை குத்தி விற்கப்பட்டதாக இருக்கும். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.