மாட்யூல் பராமீட்டரும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸும்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பாக்கெட்டுகளை எண்ணி வடிகட்டும் சிறிய லினக்ஸ் கெர்னல் மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் துணை நிரல்) ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். கண்டெய்னர்கள் நிறைந்த சர்வர்களில்தான் அதற்கு வேலை. ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும், அதாவது கண்டெய்னருக்கென்று பிரித்துவைத்த நெட்வொர்க் சூழலுக்கும், தனி வரம்பு வேண்டும் என்ற கோரிக்கை சீக்கிரமே வந்துவிட்டது.

மாட்யூல் பராமீட்டர், அதாவது மாட்யூலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு, எதற்காக வந்ததோ அதற்கு அருமையானது. ஒரு வரி மேக்ரோ போதும். மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையிலோ பூட் வரியிலோ மதிப்பைக் கொடுக்கலாம், சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys அடைவில்) கோப்பாகவும் தெரியும். ஆனால் அதன் பின்னால் இருப்பது ஒரே ஒரு குளோபல் மாறி. ஒரு நேம்ஸ்பேஸுக்குள் கட்டளையை ஓட்டும் 'ஐபி நெட்என்எஸ் எக்ஸெக்' புது சிஸ்எஃப்எஸ்ஸை மவுன்ட் செய்தாலும் ஆளுக்கொன்றாகத் தெரிவது நெட்வொர்க் இடைமுகங்களைக் காட்டும் கிளாஸ் நெட் அடைவுதான். மாட்யூல் அடைவை எங்கிருந்து பார்த்தாலும் அதே மதிப்பு.

சரி, பராமீட்டரை எழுதும்போது ஓடும் செட் கால்பேக்கில், அப்போது ஓடும் ப்ராசஸைச் சுட்டும் 'கரன்ட்' வழியாக எழுதுகிறவரின் நேம்ஸ்பேஸைப் பிடித்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அந்த கால்பேக்குக்கு வருவது எழுதப்பட்ட சரமும் பராமீட்டரின் பாயின்ட்டரும்தான். நேம்ஸ்பேஸைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட் நெட் வராது. பூட் நேரத்தில் எழுதுகிறவர் என்று யாருமே இல்லை. கெர்னல் தானாக மாட்யூலை ஏற்றும்போது மோட்ப்ரோப் ஓடுவதும் கண்டெய்னருக்கு வெளியே. இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் மாட்யூலின் ஹாஷ்சைஸ் (அட்டவணை அளவு) பராமீட்டரும் கரன்ட்டைப் பார்க்கிறது, ஆனால் தொடக்க நேம்ஸ்பேஸ் (பூட்டிலேயே உருவாகும் முதல் நேம்ஸ்பேஸ்) அல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

கடைசியில் நிலைத்தது பெர்நெட் வழி, அதாவது நேம்ஸ்பேஸுக்கு ஒரு தனித் தரவு. ஐடியும் சைஸும் கொடுத்துப் பதிந்துவிட்டால், இருக்கிற நேம்ஸ்பேஸ்களுக்கும் இனி பிறப்பவற்றுக்கும் கெர்னலே நினைவகம் ஒதுக்கி மாட்யூலின் இனிட் ஃபங்ஷனை அழைக்கும். நேம்ஸ்பேஸ் அழியும்போது விடுவிக்கும். பாக்கெட் பாதையில் அந்தத் தரவை நெட் ஜெனரிக் ஃபங்ஷன் மூலம் எடுப்பதால் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. பராமீட்டரையும் தூக்கி எறியவில்லை. இனிட் அதன் மதிப்பைத் தொடக்க மதிப்பாக நகலெடுத்துக்கொள்கிறது, பிறகு அந்தந்த நேம்ஸ்பேஸின் சிஸ்சிடிஎல் (ஓடும்போதே மாற்றக்கூடிய கெர்னல் அமைப்பு) பார்த்துக்கொள்கிறது. கான்ட்ராக்கின் அக்ட் (பாக்கெட் கணக்கு) பராமீட்டர் இப்படித்தான்; ஐபிவி6 மாட்யூலின் ஆட்டோகான்ஃபும் (தானியங்கி முகவரி அமைப்பு) இப்படித்தான். ஒரே எரிச்சல்: பராமீட்டரைப் பிறகு மாற்றினால் ஏற்கெனவே ஓடும் கண்டெய்னர்களில் எதுவும் மாறாது. இதை 'பக்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பராமீட்டர் விளக்கத்தில் 'புது நேம்ஸ்பேஸ்களுக்கு மட்டும்' என்று சேர்த்தும் பார்த்தாயிற்று. யார் படிக்கிறார்கள்?

சிஸ்சிடிஎல் பக்கம் ஒரு கண்ணி உண்டு. சிஸ்சிடிஎல் அட்டவணையை நேம்ஸ்பேஸ்தோறும் நகலெடுத்து, ஒவ்வொரு வரியின் டேட்டா பாயின்ட்டரையும் அந்த நேம்ஸ்பேஸின் மாறிக்குத் திருப்ப வேண்டும். ஒன்று விட்டுப்போனால், உள்ளே எழுதியது வெளியே எல்லோருக்கும் கசியும். கான்ட்ராக்கிலேயே உச்ச எண்ணிக்கை, பக்கெட் அளவு போன்ற குளோபல் மதிப்புகள் இப்படிக் கசிந்தன, சிவிஇ-2021-38209 என்று பதிவான பாதுகாப்புக் குறை அதுதான். கெர்னல் 5.12.2இல், தொடக்க நேம்ஸ்பேஸ் தவிர மற்றவற்றில் அவை படிக்க மட்டும் என்றாயின. 5.13 முதல் கெர்னலே காவல் காக்கிறது: குளோபல் டேட்டாவைச் சுட்டும் வரியைத் தொடக்க நேம்ஸ்பேஸுக்கு வெளியே பதிந்தால், எச்சரித்துவிட்டு எழுதும் அனுமதியைப் பறித்துவிடும். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் கெர்னல் செய்த மிக உருப்படியான காரியம் இது.

எல்லாவற்றையும் பிரித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 4.7 முதல் கான்ட்ராக்கின் ஹாஷ் அட்டவணை எல்லா நேம்ஸ்பேஸுக்கும் பொதுவானது, அதன் அளவும் பொதுவாக இருப்பதே நியாயம். டிசிபியில் எந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறை என்பதை 4.15 முதல் நேம்ஸ்பேஸ்தோறும் தேர்ந்தெடுக்கலாம். அந்த முறைகளில் ஒன்றான கியூபிக்கின் பீட்டா மதிப்பு மட்டும் இன்னும் மாட்யூல் பராமீட்டர்தான். அதனால் யாரும் தூக்கம் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் மாட்யூலிலும் அட்டவணை அளவு பராமீட்டராகவே இருக்கிறது, 0444 (படிக்க மட்டும்) அனுமதியோடு. வரம்பு மட்டும் ஸ்ட்ரக்ட் நெட் பக்கம் போய்விட்டது.