பூஞ்சைக்குக் காப்புரிமை: சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் காப்புரிமை முகவர் அலுவலகம் ஒன்றின் சேவை எப்படி?

மரக்கூழை வெளுக்கும் பூஞ்சைக்குக் காப்புரிமை வேண்டும் என்றதும் மற்ற முகவர்கள் கட்டணப் பட்டியலை நீட்டினார்கள். இங்கே இருந்த தமிழ் இளைஞரோ எடுத்த எடுப்பில், “தாய்ப் பூஞ்சை எங்கிருந்து வந்தது மேடம்? வாங்கும்போது எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம். நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒன்றில் வாங்கிய டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற பூஞ்சை மீது புற ஊதாக் கதிர் பாய்ச்சித் தேர்ந்தெடுத்த ரகம் எங்களுடையது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்கும் சேமிப்பகங்களும் உண்டு. இளைஞர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகுதான் எங்கள் கோப்பில் கைவைத்தார்.

வைப்பு விஷயத்திலும் கெட்டிக்காரர். ஒரு பூஞ்சை ரகத்தை எழுத்தில் விவரித்தால் மட்டும் போதாது. உயிருள்ள மாதிரியை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்; அதுதான் வைப்பு. 1977-இல் உருவான புடாபெஸ்ட் உடன்படிக்கை இதற்காகத்தான். சிங்கப்பூர் 1995 முதல் அதில் உறுப்பு நாடு, ஆனாலும் அப்படியொரு நிலையம் இங்கே இல்லை. சண்டிகர், அமெரிக்காவின் மனாசஸ், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள நிலையங்களை ஒப்பிட்டு, பிரவுன்ஷ்வைக்குக்கு அனுப்பினோம். வைப்பு எண் கைக்கு வரும்வரை விண்ணப்பத்தைத் தொட மறுத்துவிட்டார். மாதிரியைக் குறைந்தது 30 ஆண்டுகள் காக்க வேண்டுமாம். காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டுகள்தான்! சிங்கப்பூரில் வசிப்பவர் அனுமதி பெறாமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கக் கூடாது என்பதையும் அவராகவே நினைவூட்டினார்.

விண்ணப்ப வரைவு வந்தபோதுதான் எரிச்சல். அதை எழுதியவர் வேறொருவர், மூத்தவராம். கூழாக்கும் முன் மரச்சில்லுகளில் பூஞ்சையை வளர்ப்பது ஒரு வேலை; வெந்து முடிந்த பழுப்புக் கூழில் எஞ்சி நிறம் தரும் லிக்னின் என்ற மரப்பொருளை அதைக் கொண்டு சிதைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கோரிக்கையில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தில், குழைத்துவைத்திருந்தார். மரச்சில்லு வேலைக்குச் செரிபோரியோப்சிஸ் சப்வெர்மிஸ்போரா என்ற இன்னொரு பூஞ்சை பற்றிய ஆய்வுகள் எப்போதோ வெளியாகிவிட்டன. விண்ணப்பத்தை ஆராயும் அரசுப் பரிசோதகர் அவற்றைக் காட்டி ‘இது புதிதல்ல’ என்றால் எங்கள் முதன்மைக் கோரிக்கையே விழுந்துவிடும். போதாக்குறைக்கு, எங்கள் ரகம் அதிகம் சுரக்கும் மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற நொதியின் பெயர் இருக்க வேண்டிய இடங்களில் லாக்கேஸ் என்ற வேறொரு நொதியின் பெயர் இருந்தது. வெளுக்கப் பயன்படும் குளோரின் செலவும் அதனால் உண்டாகும் டையாக்சின் என்ற நச்சின் தொல்லையும் குறையும் என்ற பகுதி மட்டும் நன்றாக இருந்தது. அது நான் எழுதிக் கொடுத்தது.

திருத்தச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர்கள் பிழையைத் திருத்திய மணிநேரங்களும் ரசீதில் ஏறியிருந்தன. வாதாடியபின் பாதியைக் கழித்தார்கள்.

உயிரியல் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் இருந்தால் தாராளமாகப் போகலாம். வரைவுக்கு மட்டும் மணிக்கணக்கு வேண்டாம், மொத்தத் தொகையாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இளைஞரையே எழுதச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.