கிறிஸ்தவ ராக்: நீண்ட காலம் கேட்டபின் எவை நிலைக்கின்றன

ஓர் ஆல்பத்தை முதன்முறை கேட்கும்போது நம்மை இழுப்பது அதன் ஓசை. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் அதைத் தேடி எடுத்துக் கேட்கத் தூண்டுவது வேறொன்று. கிறிஸ்தவ ராக் இசையைக் கேசட் காலத்திலிருந்து இன்றைய ஸ்ட்ரீமிங் வரை விடாமல் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: சபைக்கு வெளியே நிற்பவரிடமும் நேர்மையாகப் பேசிய பாடல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, அந்தந்தக் காலத்துப் புகழ்பெற்ற குழு ஒன்றின் ஓசையை அப்படியே வாங்கி வசனத்தை மட்டும் மாற்றிய பாடல்கள் பத்தாண்டு தாங்கவில்லை. எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரைகளை இந்த அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

தொடக்கம் அமெரிக்கப் பாடகர் லாரி நார்மன்தான். 1969-இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தையே இந்த வகையின் முதல் முயற்சியாகப் பலரும் குறிப்பிடுவார்கள். ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு நான் தருவது 1972-இல் வந்த 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானெட்'. லண்டனில் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய ஏர் ஸ்டுடியோவில் பதிவான அந்த ஆல்பத்தில் கிதாரும் பியானோவும் குரலும் தனித்தனியாகக் காதில் விழும் தெளிவு இன்றும் குறையவில்லை. அதைவிட முக்கியம், அதன் பேச்சு. போர், இனவெறி, பசித்தவர்கள் இருக்க நிலவுக்குப் போகச் செலவிட்ட பணம் என்று அவர் தன் நாட்டைக் கேள்வி கேட்கிறார். விசுவாசத்தைப் பற்றிப் பாடும்போதும் பிரசங்க மேடையில் ஏறாமல், எதிரில் உட்கார்ந்து வாதிடுகிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. ஒரே எச்சரிக்கை: நார்மனின் பாடல்கள் பல பதிப்புகளாகவும் மறுபதிவுகளாகவும் வந்திருப்பதால், பிற்காலத் தொகுப்புகளை விட்டுவிட்டு அந்த 1972 வரிசையைத் தேடிக் கேளுங்கள்.

பெட்ராவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்துவது கடினம். 1972-இல் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பாப் ஹார்ட்மன் தொடங்கிய இந்தக் குழுவுக்கு ரசிகர் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உண்டு: கிரெக் எக்ஸ். வோல்ஸ் பாடிய காலமே பொற்காலம் என்போர் ஒரு பக்கம், 1986-இல் வந்து சேர்ந்த ஜான் ஷ்லிட் குரலுக்கே பாடல்கள் பொருந்தின என்போர் மறுபக்கம். நான் வோல்ஸ் கட்சி. 1982-இல் வந்த 'மோர் பவர் டு யா' ஆல்பத்தில் அவருடைய குரல் உச்சத்திலும் இறுக்கமில்லாமல் நிற்கிறது. கீபோர்டும் கிதாரும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. இந்த ஆல்பத்தில் 'ஜூடஸ் கிஸ்' பாடலுக்கு முன் சில நொடிகள் ஏதோ குழறல் போல ஒரு குரல் வரும். கேசட்டில் கேட்ட நாட்களில் நாடா சிக்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அதை வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் எங்கள் வட்டத்திலேயே உண்டு. ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்ற பீதி பரவிய காலம் அது. பின்னாளில் கணினியில் அந்தத் துண்டை வெட்டித் திருப்பி ஓட்டியபோது, கர்த்தரைத் தேட வேண்டிய நீங்கள் எதற்காகப் பிசாசைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி தெளிவாகக் கேட்டது. தங்களைக் குற்றம் சாட்டியவர்களுக்கு இதைவிடச் சாமர்த்தியமான பதிலை இந்த வகை இசையில் நான் கேட்டதில்லை.

பெட்ராவின் எல்லா ஆல்பங்களையும் இதே அளவுக்குப் பரிந்துரைக்க முடியாது. 'பீட் த சிஸ்டம்' அன்று புதுமையாக ஒலித்த மின்னணுத் தாளங்களை முழுமையாக நம்பியதால், இன்று அந்தத் தாளங்களின் வயதே முதலில் காதில் படுகிறது. ஷ்லிட் காலத்தில் ஒன்றை மட்டும் கேட்க நேரமிருந்தால் 1990-இன் 'பியாண்ட் பிலீஃப்' கேளுங்கள். கிராமி விருது பெற்ற அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவர் கான்சஸ் என்ற ராக் குழுவில் முன்பு பாடிய ஜான் எலஃபான்டே. பல்லவிகளில் குரல்கள் அடுக்கடுக்காக எழும்பும் விதத்தில் அவருடைய கை தெரிகிறது.

ஹெவி மெட்டல் குழுவான ஸ்ட்ரைப்பரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடை, முடியலங்காரம், மேடையிலிருந்து கூட்டத்துக்குள் வீசிய புதிய ஏற்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருவது இயல்புதான். 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்று முடியும் ஏசாயா 53:5 வசனத்தின் எண்ணைத் தங்கள் பெயர்ச் சின்னத்தின் அடியிலேயே அவர்கள் பொறித்திருந்தார்கள். ஆனால் 1986-இன் 'டு ஹெல் வித் த டெவில்' அமெரிக்காவில் பிளாட்டினம் (பத்து லட்சம் பிரதிகள்) விற்பனையைத் தொட்டது வேடிக்கைக்காக அல்ல. மைக்கேல் ஸ்வீட்டும் ஆஸ் ஃபாக்ஸும் இணைந்து வாசிக்கும் இரட்டைக் கிதார் இழைகளை நல்ல ஹெட்போனில் இடது, வலது எனப் பிரித்துக் கேட்டால், இருவரும் எவ்வளவு துல்லியமாகச் சேர்கிறார்கள் என்பது புரியும். மெதுவான காதல் பாடல்கள் எனக்கு ஒட்டவில்லை. அவற்றைத் தாண்டிவிடுவதே என் வழக்கம். பழைய ஒலிப்பதிவின் மெலிந்த டிரம்ஸ் ஓசை பிடிக்காதவர்கள், அதே குழு தன் ஆரம்பகாலப் பாடல்களை 2013-இல் மீண்டும் பதிவு செய்த 'செகண்ட் கமிங்' தொகுப்பைக் கேட்கலாம்.

பாடகர் கீத் கிரீனை ராக் என்று ஒப்புக்கொள்ள மறுப்பவர்கள் உண்டு; பியானோவை அவர் அடிக்கும் அடியைக் கேட்டபின் அந்த விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. 1980-இல் வெளியிட்ட ஆல்பத்தை, முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தவர் அவர். அதில் ஒரு பாடலுக்கு பாப் டிலன் ஹார்மோனிகா வாசித்திருக்கிறார். 1982-இல் விமான விபத்தில் கிரீன் இறந்துபோனார். அவருடைய கண்டிப்பு சில நாட்களில் உறைக்கும், சில நாட்களில் தாங்காது. அதனால் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டாம் என்றே சொல்வேன். டிலன் 1979-இல் வெளியிட்ட 'ஸ்லோ டிரெய்ன் கமிங்' ஆல்பத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் வாசித்த கிதாருக்காகவே அதை வாங்கலாம். சிகாகோவில் ஒரு கூட்டு வாழ்க்கைச் சமூகமாக இயங்கிய ரெசரெக்‌ஷன் பேண்டின் 'அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை' (1978), கரடுமுரடான ப்ளூஸ் ராக் விரும்புவோருக்கு.

தொண்ணூறுகளில் இந்த இசையின் வாசல் அகலமானது. 1995-இல் ஜார்ஸ் ஆஃப் க்ளே வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இடம்பெற்ற 'ஃப்ளட்', பொதுவான ராக் வானொலிகளிலும் ஓயாமல் ஒலித்தது. ஏட்ரியன் பெலூ தயாரித்த அந்தப் பாடல் மின்கிதாரை நம்பாமல், வேகமாக மீட்டப்படும் அக்கூஸ்டிக் கிதாரின் மேல் நிற்கிறது. நடுவில் வேகம் தணிந்து, தந்தி வாத்தியங்கள் மட்டும் மேலெழுந்து, பிறகு கிதார் மீண்டும் பாய்ந்து வரும் அந்த இடம் எத்தனை முறை கேட்டாலும் தேய்வதில்லை. அதே ஆண்டு வந்த டிசி டாக் குழுவின் 'ஜீசஸ் ஃப்ரீக்' ராப்பிலிருந்து ராக்குக்குத் தாவிய ஆல்பம். தலைப்புப் பாடலில் அன்றைய கிரஞ்ச் பாணி (கரகரப்பான கிதார் ராக்) அப்பட்டமாகத் தெரிவதால் அது இன்று சற்றுப் பழசாகிவிட்டது. ஆனால் 'வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்' நிலைத்துவிட்டது. வாயால் இயேசுவை அறிக்கையிட்டு வாழ்க்கையால் மறுதலிக்கும் கிறிஸ்தவர்களே நாத்திகத்துக்குப் பெரிய காரணம் என்ற பொருளில் கிறிஸ்தவ எழுத்தாளர் பிரென்னன் மானிங் பேசும் குரலோடு அது தொடங்குகிறது. தன் கூட்டத்தையே கூண்டில் நிறுத்தும் துணிவு இருப்பதால்தான், விசுவாசமில்லாத நண்பர்களுக்கும் இதைத் தயக்கமின்றிக் கொடுக்க முடிகிறது.

இரண்டாயிரங்களில் வந்தவற்றுள் நான் அதிகம் திரும்பிச் செல்வது, சான் டியேகோவின் ஸ்விட்ச்ஃபுட் 2003-இல் வெளியிட்ட 'த பியூட்டிஃபுல் லெட்டவுன்' ஆல்பத்துக்கு. முடிவுகளை ஊட்டாமல், இதற்காகத்தான் பிறந்தோமா என்ற ஏக்கத்தை அப்படியே விட்டுவைக்கிறது அது. இருபதாண்டுக்குப் பின் குழுவே அதை மறுபதிவு செய்து வெளியிட்டது. முதற்பதிவின் படபடப்பு அதில் இல்லை என்பதால் என் ஓட்டு பழையதற்கே. அதே ஊர்க்காரர்களான பி.ஓ.டி. குழுவின் 'சாட்டிலைட்' 2001 செப்டம்பர் 11 அன்றே கடைக்கு வந்தது; பள்ளித் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிய 'யூத் ஆஃப் த நேஷன்' அதில்தான் இருக்கிறது. ஸ்கில்லட் குழுவின் 'கோமட்டோஸ்' (2006) வயலின்களையும் கனமான கிதாரையும் பிணைக்கும் விதம் முதலில் மயக்கும். உடற்பயிற்சிக்கு அருமை. ஆனால் உரத்த இடமும் மெல்லிய இடமும் ஒரே மட்டத்துக்கு அழுத்தப்பட்ட அந்தக் காலத்து ஒலியமைப்பினால், முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் காது சலித்துவிடுகிறது.

ஸ்ட்ரீமிங்கில் இவற்றுள் பெரும்பாலானவை கிடைக்கின்றன, ஆனால் உறைத்தாள் கிடைப்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. பெட்ராவின் கேசட் உறையில் பாடல் வரிகளோடு அவற்றுக்கு ஆதாரமான வேத வசனங்களின் எண்களும் அச்சாகியிருக்கும். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எழுதியவரின் மனம் எங்கே வளைந்தது, எங்கே அப்படியே எடுத்தாண்டது என்பதைக் கண்டுகொள்வார்கள். பழைய குறுந்தட்டு கிடைத்தால் அந்தக் கையேட்டுக்காகவே வாங்கலாம். புதிதாக வருபவர்கள் ஆண்டு வரிசையில் கேட்கத் தேவையில்லை: முதலில் ஸ்விட்ச்ஃபுட், அடுத்து ஜார்ஸ் ஆஃப் க்ளே, அந்த இரண்டும் பிடித்துவிட்டால் நேரே லாரி நார்மன், அதன்பின் பெட்ரா. ஹெவி மெட்டல் ஓசை பழகியவர்கள் மட்டும் ஸ்ட்ரைப்பரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம்.