வெள்ளாத்துக்கு மேல ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் ட்ரோன்: எறா பண்ணைக்காரன் ரிவ்யூ

பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாத்துல இருந்து தண்ணி ஏத்தி எறா வளக்குற நாங்க சில பேரு காசு சேத்து பாண்டியில இருந்து ஒரு ட்ரோன் சர்வே டீமை வரவச்சோம். கல்யாண வீடியோ எடுக்குற ட்ரோன் இல்லீங்க, ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா மாட்டுனது. டீம் பேரு போடல, கொறையும் சொல்லப்போறேன், அதெல்லாம் இந்த வேலை பாக்குற எல்லார்கிட்டயும் வரக்கூடிய கொறைதான்.

எறா வளக்குறவனுக்குப் பாதி பொழப்பு தண்ணி கலர் பாக்குறதுதான். கலங்கல் பாக்குற செக்கி டிஸ்க்குங்குற கருப்பு வெள்ளைத் தட்ட எறக்கி 30, 40 சென்டிமீட்டர்ல மறைஞ்சா சரின்னு விட்டுடுவோம், பழுப்பா இருந்தா டயாட்டம், எறாவுக்கு ஆகுற நுண்பாசின்னு நிம்மதி, திக்கா பச்சை கட்டி மேல ஏடு படிஞ்சா நீலப்பச்சைப் பாசின்னு தூக்கம் போயிடும். ஆனா அதெல்லாம் நம்ம குளத்துல. ஆத்துல மோட்டார் போடுற எடத்துல வர்ற பழுப்பு மழை வண்டலா, பிச்சாவரம் பக்கத்துல இருந்து அலையாத்தி எல ஊறி வர்ற டீத்தண்ணியா, இல்ல டயாட்டமேதானான்னு கரையில நின்னு எவனாலயும் சொல்ல முடியாது.

இந்தக் கேமரா அங்கதான் வேலை செய்யுது. நம்ம மொபைல் செவப்பு, பச்சை, நீலம்னு மூணாத்தான் பிரிக்கும், இது அலைநீளம் 400 நானோமீட்டர்ல இருந்து 1000 வரைக்கும் உள்ள வெளிச்சத்த நூத்துக்கணக்கான மெல்லிசு பட்டையா பிரிச்சு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு வரைஞ்சு குடுக்குது. பாசியில இருக்குற குளோரோஃபில் 675 கிட்ட வெளிச்சத்த முழுங்கும், 700 கிட்ட ஒரு மேடு காட்டும். நீலப்பச்சைப் பாசின்னா 620 கிட்ட தனியா ஒரு பள்ளம் விழும். வண்டல்னா கோடு செவப்புப் பக்கம் மொத்தமா தூக்கிடும், எல ஊறுன தண்ணி நீலத்த மட்டும் தின்னுட்டு செவப்ப தூக்காது. டீம் பொண்ணு லேப்டாப்புல இந்தக் கோட்டையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுனப்ப ‘இதத்தான்மா இத்தன வருஷமா கண்ண சுருக்கி சுருக்கி பாத்துட்டு இருந்தோம்’னு எங்க பெரியப்பா சொன்னாரு.

சாட்டிலைட் படம் சும்மாவே கெடைக்குதே, எதுக்கு காசுன்னு கேப்பீங்க. சென்டினல்-2 5 நாளைக்கு ஒரு தடவ வருது, 13 பட்டை இருக்கு, ஆனா 620 கிட்ட ஒண்ணும் இல்ல, நல்லா எடுத்தாலும் ஒரு புள்ளி 10 மீட்டர். எங்க வாய்க்கால் அகலத்துக்கு புள்ளியில பாதி கரையும் புதருமாத்தான் விழும். ஐப்பசி கார்த்திகையில மேகம் வேற.

பறக்குற அன்னிக்கு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. கடல் தண்ணி ஏறும்போதுதான் நாங்க மோட்டார் போடுவோம், அந்த நேரத்துல எடுத்தாத்தான் எங்களுக்குப் பிரயோஜனம். அது அன்னிக்கு உச்சி வெயில்ல வருது, பைலட் தம்பி முடியவே முடியாதுன்னுட்டாப்ல, சூரியன் தலைக்கு மேல நின்னா தண்ணி கண்ணாடி மாரி மின்னி வெறும் வெள்ளையாத்தான் பதிவாகுமாம். ஏத்தம் தெனம் ஒரு 50 நிமிஷம் தள்ளிப் போகும், வெயில் சாய்வு தள்ளிப் போகாது, அப்ப ரெண்டும் ஒத்து வர்ற நாளா டைட் டேபிள், அதான் ஏத்த எறக்க நேரப் பட்டியல், பாத்துத்தான் டேட் குடுக்கணும்னு அவங்களே தேதிய மாத்தி, காலை வெயில் சாஞ்சிருக்கும்போது, கடக்காத்து கெளம்புறதுக்கு முன்னாடி வந்து எடுத்தாங்க. அன்னிக்கு வெயில் எவ்ளோன்னு ஒப்பிட்டுக்க தரையில வெள்ளைப் பலகை வச்சு அளந்துட்டுத்தான் மேல ஏத்துனாங்க. அதே நேரத்துல படகுல நம்ம ஆளுங்கள விட்டு பாட்டில்ல தண்ணியும் புடிக்க வச்சாங்க. பாட்டில் தண்ணி இல்லாம ட்ரோன் மட்டும் விடுறேன்னு சொல்றவன நம்பாதீங்க, கோடு வெறும் கோடாத்தான் இருக்கும், அத மைக்ரோஸ்கோப்புல பாத்ததோட ஒட்டுனாத்தான் விஷயம்.

இந்தக் கேமரா வரி வரியா ஸ்கேன் பண்றது, ட்ரோன் கொஞ்சம் ஆடுனாலும் கரை நெளிஞ்சு வந்துடும். எங்களுக்கும் ஒரு பட்டை அப்படி வந்துச்சு, காசு கேக்காம திரும்பப் பறந்து குடுத்தாங்க.

இப்ப கொற. மொதல்ல வந்த ரிப்போர்ட் வானவில் கலர்ல ஒரு பிடிஎஃப், எந்தக் கலர் எவ்ளோன்னு அளவே போடல. முகத்துவாரத்துல மணல் திட்டு ஓரமா பூரா ரத்தச் செவப்பு, ‘கலங்கல் அதிகம்’னு எழுதியிருந்தாங்க. படகு ஓட்டுற அண்ணன் பாத்துட்டு சிரிச்சிட்டாரு, அது மொழங்கால் தண்ணி, அடியில இருக்குற மணல்தான் தெரியுது. பேசுன பின்னாடி ஆழம் இல்லாத எடத்த வெட்டிட்டு மறுபடி குடுத்தாங்க, சரி, ஆனா இத நாங்களா சொல்லணும்? மூல டேட்டாவும் கேட்டு கேட்டுத்தான் வந்துச்சு.

அப்பறம் எல்லாரும் கேக்குறது, ஆலைக் கழிவு தெரியுமா, உப்பு தெரியுமா, எறாவ கொல்ற வெள்ளைப்புள்ளி வைரஸ் தெரியுமான்னு. தெரியாதுங்க. கரைஞ்சு கெடக்குற உலோகத்துக்கும் அம்மோனியாவுக்கும் உப்புக்கும் காட்டுறதுக்குன்னு கலர் இல்ல, ஆக்சிஜனுக்கு மீட்டர்தான், வைரஸுக்கு லேப்ல பண்ற பிசிஆர் டெஸ்ட்டுதான். வெளிச்சம் எட்டுற ஆழம் வரைக்கும்தான் இது பாக்கும், நம்ம கலங்கல்ல அது ரொம்பக் கம்மி.

சரி, பலன் என்னன்னா, வாய்க்கால் வாய்கிட்ட ஓட்டம் இல்லாம தேங்குற எடத்துல கரைய ஒட்டி நீளமா ஒரு பட்டை, 620 பள்ளத்தோட. எங்க சக்‌ஷன் பைப்பு சரியா அதுக்குள்ள கெடக்கு. அங்க புடிச்ச பாட்டில மைக்ரோஸ்கோப்புல வச்சா நூல் நூலா நீலப்பச்சைப் பாசி, நடு ஓட்டத்துல புடிச்சதுல அது தேடுனாத்தான் கெடைக்குது. பைப்ப நீட்டி ஓட்டத்துல போட்டுட்டோம். என்ன இருக்குன்னு சொல்றத விட எங்க போயி பாக்கணும்னு காட்டுறதுதான் இதோட வேலைன்னு நான் புரிஞ்சுக்கிட்டது அப்பத்தான்.

ரேட்டு, ஒரு குளத்துக்கு சீடு, அதான் எறா குஞ்சு, விடுற செலவத் தாண்டிருச்சு. தனி ஆளா கூப்புடாதீங்க, கட்டுப்படியாகாது, ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்குறவங்க சேந்து கூப்புடுங்க. ட்ரோன் ரெஜிஸ்ட்ரேஷன், பைலட் சர்டிபிகேட் ரெண்டும் வாங்கிப் பாருங்க, முன் அனுமதி இல்லாம பறக்கவிடுற பச்சை மண்டலத்துல 400 அடிக்கு மேல ஏத்தக்கூடாது, பாண்டி ஏர்போர்ட்டுகிட்டன்னா ரூல் இன்னும் டைட்டு. மூல டேட்டா, அளவு போட்ட மேப்பு, பாட்டில் ரிசல்ட்டு மூணும் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. மழை முடிஞ்சு சேத்தியாத்தோப்பு பக்கத்துல இருந்து வர்ற தண்ணி கொறைஞ்சதும் அதே டீமத்தான் திரும்ப வரச் சொல்லியிருக்கோம், இந்த தடவ படகு அண்ணனையும் ரிப்போர்ட் பாக்க உக்கார வச்சுட்டுத்தான் பாக்கி காசு.