தோல் ஷாப் தண்ணீருக்கு எந்தத் தொட்டி?

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: காற்றே கேட்காத யூஏஎஸ்பியா (கழிவுநீர் அடியிலிருந்து சேற்றுப் படுகை வழியாக மேலேறும் தொட்டி), ராப்பகலாகக் காற்றூதும் ப்ளோயர் ஓடும் ஏரேஷன் தொட்டியா, எல்லா வேலையையும் ஒரே தொட்டியில் மாறி மாறிச் செய்யும் எஸ்பிஆரா?

யூஏஎஸ்பியில் கரண்டுச் செலவு குறைவு, ஸ்லட்ஜும் (நுண்ணுயிர்ச் சேறு) கொஞ்சம், மீத்தேன் வேறு கிடைக்கும். ஊர்ச் சாக்கடைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். தோல் தண்ணீர் என்றால் தயங்குவேன். பதனிடுமுன் தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிளிங்கில் கந்தக அமிலம், பதனிடக் குரோமியம் சல்ஃபேட், சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் சல்ஃபேட். இவற்றின் சல்ஃபேட் எல்லாம் கடைசியில் தொட்டிக்குத்தான் வருகிறது. மீத்தேன் தரும் பூச்சிகளுக்கு (நுண்ணுயிர்கள்) வேண்டிய ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும், சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் சல்ஃபேட் பாக்டீரியா முந்திக்கொண்டு தின்றுவிடும். சிஓடி (அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜன் அளவு), சல்ஃபேட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் பெரிய தொல்லையில்லை. அந்த மடங்கு குறையக் குறைய மீத்தேன் இறங்கும், அழுகிய முட்டை நாற்றம் ஏறும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மிச்ச மீத்தேன் பூச்சிகளையும் நசுக்கும், குழாயை அரிக்கும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிடாதீர்கள், ஆளையே சாய்க்கிற வாயு அது.

ஏரேஷன் முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் வெளியிட்டது. இதில் சூட்சுமம் ஸ்லட்ஜின் வயது, அதாவது அது எத்தனை நாள் தொட்டியில் தங்குகிறது என்பது. அம்மோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ் மெதுவாகப் பெருகும் ஜாதி. ஸ்லட்ஜை அவசரமாக வெளியேற்றினால் அதுவும் கூடவே போய்விடும். பிஓடி (பாக்டீரியா அழுக்கைத் தின்ன வேண்டிய ஆக்சிஜன் அளவு) அழகாகக் குறைந்து வரும், அம்மோனியா அப்படியே நிற்கும். அடுத்த எதிரி நம்ம ஊர் வெயில். 20 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரியில் 7கூடப் பிடிக்காது. உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. கரைந்த ஆக்சிஜன் 2க்குக் கீழே போனால் நூல்போல நீண்டு வளரும் நூல் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சல்ஃபைடும் மிச்சம் வந்தால் தியோத்ரிக்ஸ் என்ற நூல் ஜாதி தலைதூக்கும். அப்புறம் ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் வைத்தாலும் ஸ்லட்ஜ் அடியில் இறங்காது.

எஸ்பிஆரில் ஒரே தொட்டி நிரம்பும், காற்று வாங்கும், தெளியும், வடியும். முதலில் விருந்து, பிறகு பட்டினி. கிடைத்ததை வேகமாக விழுங்கிச் சேமித்துக்கொள்ளும் பாக்டீரியா ஜெயிக்கும், நூல் ஜாதி பின்தங்கும். ஆனால் தெளிந்த நீரை வடிக்கும் டிகேன்டர் மாட்டிக்கொண்டால் ஒரு நாள் போச்சு.

ஒற்றைத் தோல் ஷாப்புக்கு எஸ்பிஆர் போடலாம். பல ஷாப் தண்ணீர் ஓயாமல் வரும் பொது நிலையத்துக்கு ஏரேஷன்தான் என் ஓட்டு. முகப்பில் சின்ன செலக்டர் தொட்டி ஒன்று கட்டி, திரும்பி வரும் ஸ்லட்ஜை முதலில் அங்கே புதுத் தண்ணீரோடு கலந்தால் அந்த விருந்து இங்கும் கிடைக்கும். உப்பு மட்டும் மூன்றிலும் போகாது. அதற்கு ஆர்ஓ தனியாக வேண்டும்.