ஹெலிகாப்டர் சிமுலேட்டர்: 100 அடி வரை அருமை

ஒரு மணி நேரத்துக்கு 190 வெள்ளி. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காசு வீண் போகவில்லை. கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில், டியூஷன் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் ‘என்ஜின் நின்றால் தப்பிப்பீர்களா?’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வேடிக்கைக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள்.

சொல்லித்தந்தவர் ஓய்வுபெற்ற விமானி. கேப்டன் என்று கூப்பிட்டேன். “அண்ணன்னே கூப்பிடுங்க தம்பி” என்றார். இந்த சிமுலேட்டர் காட்டுவது ராபின்சன் ஆர்22 என்ற சின்ன ஹெலிகாப்டரை. அதன் ரோட்டர், அதாவது தலைக்குமேல் சுழலும் இறக்கை, லேசானது. என்ஜின் போனதும் இடது கையில் இருக்கும் கலெக்டிவை, அதாவது ஏற்றி இறக்கும் நெம்புகோலை, அந்த நொடியே இறக்க வேண்டும், தயங்கினால் சுழற்சி விழுந்துவிடும். இறக்கிவிட்டால், கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதுதான் ஆட்டோரொட்டேஷன்.

என்ஜின் நிஜமாக நிற்பது அபூர்வமாம். அதற்குப் பழகப்போய் நொறுங்கிய ஹெலிகாப்டர்கள்தான் ஏராளம். ராபின்சன் நிறுவனமே 2003இல் இதற்கென்று ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. பயிற்சியில் 100 அடிக்குக் கீழே போகும் முன் ரோட்டர் சுழற்சியைக் காட்டும் முள் பச்சைப் பட்டையின் நடுவில் நிற்க வேண்டும், வேகம் 60 முதல் 70 நாட் (மணிக்குக் கடல்மைல்) இருக்க வேண்டும், இறக்கம் நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் அடங்க வேண்டும், திருப்பமும் முடிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உடனே த்ராட்டிலைத் திறந்து என்ஜினுக்கு விசை கொடுத்து மேலே ஏறிவிட வேண்டியதுதான். “கடைசியில சரிபண்ணிக்கலாம்னு இறங்கிட்டே போறவன்தான் தம்பி மோதுறான்.”

உட்கார்ந்து பார்த்தால்தான் அப்படி இறங்கிக்கொண்டே போகும் ஆசை எவ்வளவு பொல்லாதது என்று புரிகிறது. தரை தெரிந்ததும் கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது, வேகமுள் 50க்குச் சரிந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதன்பிறகு “ஆர்பிஎம் (ரோட்டர் சுழற்சி), வேகம், இறக்கம்” என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். 2010இல் எங்கள் உட்லண்ட்ஸ் பக்கம் திறந்தவெளியில் சிங்கப்பூர் ஆகாயப்படையின் அப்பாச்சி ஹெலிகாப்டர் ஒன்று அவசரமாக இறங்கியதே, அதை ஓட்டியவர்களை நினைத்துக்கொண்டேன்.

குறையும் உண்டு. 100 அடிக்குக் கீழே இந்த இயந்திரம் உதவாது. புல்வெளி பச்சைப் பெயின்ட் மாதிரி தட்டையாகத் தெரிகிறது, எந்த உயரத்தில் மூக்கைத் தூக்குவது என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். கலெக்டிவ் வேறு லொடலொடவென்று ஆடுகிறது, கையை எடுத்தால் தானாகவே விழுகிறது. இவ்வளவு வாங்குகிறவர்கள் அதை இறுக்கக்கூடாதா? முடிவில் ‘அவசரத் தரையிறக்க வீரர்’ என்று ஒரு சான்றிதழ் நீட்டுகிறார்கள். அதற்கு ஃப்ரேம் போட்டுத்தர 15 வெள்ளி. வேண்டாம் என்றேன்.

போவதாக இருந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறில் பிள்ளைகளின் பிறந்தநாள் கூட்டம், ரோட்டர் எச்சரிக்கை ஹார்ன்கூடக் காதில் விழாது. முன்பதிவு செய்யும்போதே அண்ணன் இருக்கும் நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் இருந்த இளைஞர், வந்தவர்களை மோதவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.